பனித்தளத்தில் திறந்த வாயில்

நுழையும்முன்

திறமை இருந்தும் பிறப்பின் பெயரால் வாய்ப்பு மறுக்கப்பட்டோர் உலகெங்கும் உண்டு. அவர்களுள் சிலர், தமக்கு அடைக்கப்பட்ட வாயிலைப் பின்வருவோர்க்காகத் திறந்து வைத்தனர். பனிச்சறுக்கு நடனப் பயிற்றுநர் மேபல் ஃபேர்பேங்க்ஸ் அத்தகையவர்.

இளமையும் முயற்சியும்

மேபல் ஃபேர்பேங்க்ஸ் 1915ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பிறந்தார். கறுப்பினத்தைச் சேர்ந்த அவர், சிறுவயதிலேயே பெற்றோரை இழந்து, பின்னர் நியூயார்க் நகருக்கு வந்தார். அங்குள்ள சென்ட்ரல் பூங்காவில் சிறுவர்கள் உறைபனியின்மேல் சறுக்கி விளையாடுவதைக் கண்டார். அடியில் எஃகுத் தகடு பொருத்திய காலணி அணிந்து, பனித்தளத்தில் இசைக்கேற்பச் சறுக்கியும் சுழன்றும் தாவியும் ஆடும் கலை அவர் உள்ளத்தை ஈர்த்தது. பழைய காலணி ஒன்றை வாங்கினார். அளவில் பெரியதாக இருந்த அதனுள் பஞ்சைத் திணித்து அணிந்துகொண்டு, தாமே ஆடப் பழகினார்.

உள்ளரங்கப் பனித்தளத்திற்குச் சென்றபோது, நிறத்தின் காரணமாக அவருக்கு அனுமதி மறுக்கப்பட்டது. அவர் மனந்தளராது மீண்டும் மீண்டும் சென்றார்; இறுதியில் அனுமதி கிடைத்தது. அவருடைய ஆர்வத்தைக் கண்ட புகழ்பெற்ற வீராங்கனை மேரிபெல் வின்சன் ஓவன் ஆட்ட நுணுக்கங்களைக் கற்பித்தார். எனினும், போட்டிகளில் பங்கேற்கச் சறுக்குக் கழகம் ஒன்றில் உறுப்பினராதல் வேண்டும். கறுப்பினத்தவரைக் கழகங்கள் சேர்த்துக்கொள்ளவில்லை. ஆகவே, தேசியப் போட்டியில் ஒருமுறையேனும் கலந்துகொள்ளும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை. கலைநிகழ்ச்சிகளில் மட்டுமே அவர் ஆட முடிந்தது.

பயிற்றுநர்ப் பணி

1940களில் லாஸ் ஏஞ்சலிஸ் நகருக்குக் குடிபெயர்ந்த மேபல், பின்னர்ப் பயிற்றுநரானார். பொருள் இல்லாத சிறுவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்பித்தார். ஆட்டத்தைக் கற்பித்ததோடு அவர் நின்றுவிடவில்லை. தமக்கு மறுக்கப்பட்ட கழக உறுப்பினர் உரிமை தம் மாணவர்க்குக் கிடைக்கவும் போராடினார். அதன் பயனாக, அவருடைய மாணவர் அடாய் வில்சன் 1965ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் சறுக்குக் கழகத்தில் உறுப்பினரானார். மறு ஆண்டே தொடக்கநிலை ஆடவர் பிரிவில் வென்று, அமெரிக்க தேசியப் பட்டம் பெற்ற முதல் கறுப்பினத்தவர் என்னும் சிறப்பை எய்தினார்.

டாய் பாபிலோனியா, ராண்டி கார்ட்னர் ஆகிய இருவரையும் சிறுவயதில் இணையராகச் சேர்த்தவரும் மேபலே. அவ்விணையர் 1979ஆம் ஆண்டு உலகப் பட்டம் வென்றனர். 1988ஆம் ஆண்டு கால்கரி நகரில் நடைபெற்ற குளிர்கால ஒலிம்பிக்கில் டெபி தாமஸ் வெண்கலப் பதக்கம் பெற்றார். குளிர்கால ஒலிம்பிக்கில் பதக்கம் வென்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. மேபலின் போராட்டம் இத்தகைய வெற்றிகளுக்கு வழிகோலியது.

சிறப்பு

1997ஆம் ஆண்டு அமெரிக்கப் பனிச்சறுக்கு நடனப் புகழ்மண்டபத்தில் மேபலின் பெயர் இடம்பெற்றது. அச்சிறப்பைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர். 2001ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தம் 85ஆம் வயதில் மறைந்தார். போட்டியில் அவர் வென்ற பதக்கம் ஒன்றும் இல்லை. அவர் ஆட முடியாத களத்தில் அவருடைய மாணவர்கள் ஆடினர், வென்றனர். அதுவே அவர் ஈட்டிய வெற்றி.