குக்கர் வெயிட்டுக்குப் பின்னாடி ஒரு மனுஷன்

வீட்டு குக்கர்ல இருக்கிற வெயிட்டை என்னிக்காவது கையில எடுத்துப் பார்த்திருக்கீங்களா? உள்ளே நீராவி அழுத்தம் அதன் எடையைத் தாண்டினால் மேலே எழும்பும், நீராவியை வெளியே விடும், திரும்ப உட்காரும். அவ்வளவுதான் அதன் வேலை. இந்த யோசனைக்குச் சொந்தக்காரர் டெனிஸ் பாப்பின். தெர்மோ பாடத்துல கார்னோ, ராங்கின் பேரெல்லாம் மனப்பாடம் பண்ணியிருப்பீங்க. இவர் பேர் கண்ணுல பட்டிருக்குமா என்பதே சந்தேகம்.

பாப்பின் 1647-ல் பிரான்சின் ப்ளுவா பகுதியில், ஒரு புராட்டஸ்டண்ட் குடும்பத்தில் பிறந்தார். படிச்சது மருத்துவம். ஆனா மனசு முழுக்க இயந்திரம். (நம்மில் பலருக்கு இந்தக் கதை புதுசு இல்ல, அப்படியே திருப்பிப் போட்டா போதும்!) பாரிசில் பெரிய விஞ்ஞானி ஹைகன்ஸுக்கு உதவியாளரா சேர்ந்தார். 1675-ல் லண்டன் போய் ராபர்ட் பாயிலோட வேலை பார்த்தார். ஆமாம், நம்ம பாயில் விதி பாயில்தான்.

1679-ல் ராயல் சொசைட்டி முன்னாடி ஒரு பாத்திரத்தைக் கொண்டு வந்து வைத்தார். கனமான உலோகப் பாத்திரம், ஸ்க்ரூ போட்டு இறுக்கிய மூடி. உள்ளே அழுத்தம் ஏறினால் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் சூடாகும். அந்தச் சூட்டில் எலும்புகூட மெத்துனு வெந்துடும். ஏழைகளுக்கு மலிவா சத்தான உணவு கிடைக்கணும் என்பது அவர் ஆசை. 1682-ல் சொசைட்டி உறுப்பினர்களுக்கு அதிலேயே சமைச்சு விருந்தும் போட்டார்.

ஆனா ஒரு சிக்கல். அடியில எரியறது நெருப்பு. அழுத்தம் போதும்னு அதுக்குத் தெரியாது. வழி இல்லைன்னா பாத்திரம் வெடிக்கும். அதனால மூடியில் ஒரு ஓட்டை போட்டு, அதை ஒரு அடைப்பானால் மூடி, மேலே ஒரு நெம்புகோலை வெச்சு, அதன் நுனியில் எடையைத் தொங்கவிட்டார். எடையைத் தள்ளித் தள்ளி வெச்சா, எந்த அழுத்தத்தில் திறக்கணும்னு நாமே முடிவு பண்ணலாம். முதல் வருஷம் போட்ட மொமெண்ட் கணக்குதான். உலகின் முதல் சேஃப்டி வால்வு இப்படித்தான் வந்தது.

இது பழங்கதைன்னு நினைக்காதீங்க. அயர்லாந்து, இங்கிலாந்து மாதிரி குளிர் நாடுகளில் வீட்டுக்குள் குழாய் போட்டு, பாய்லரில் சூடான தண்ணீரை ரேடியேட்டர்களுக்கு அனுப்பி வீட்டைச் சூடாக்குவாங்க. ஏற்கெனவே கேஸ் அல்லது எண்ணெய் பாய்லர் இருக்கிற வீட்டில், செலவைக் குறைக்க விறகு பாய்லர் ஒன்றையும் அதே குழாயோட சேர்க்க நினைப்பவர்கள் நிறைய பேர். ரெண்டு குழாயை இணைச்சா முடிஞ்சதா? இல்லை. கேஸ் பாய்லரை அணைச்சா அந்த நொடியே நெருப்பு நின்னுடும். விறகு நிக்காது. கரண்ட் போய் பம்ப் நின்னா, தண்ணீர் நகராது; தணல் மட்டும் எரிஞ்சுக்கிட்டே இருக்கும். தண்ணீர் நீராவியானால் கொள்ளளவு சுமார் 1,600 மடங்கு கூடும். கேஸ் பாய்லரின் மூடிய அமைப்பு பெரும்பாலும் 1 முதல் 1.5 பார் அழுத்தத்தில் ஓடும். அதன் வால்வு 3 பாரில் திறக்கும். நிக்காத நெருப்புக்கு அது மட்டும் போதாது.

அதனால விறகு பாய்லரில் இருந்து ஒரு குழாய் நேரா மேலே, திறந்த தொட்டிக்குப் போகணும். நடுவில் எந்த வால்வும் இருக்கக் கூடாது. பம்ப் இல்லாமலே, சூடான தண்ணீர் தானா மேலே ஏறும் வெப்பச்சலனத்தால் ஓடுற ஒரு ரேடியேட்டரும் வேணும். பழைய அமைப்பு மூடியதா இருந்தா ரெண்டு தண்ணீரும் கலக்காமல், நடுவில் ஹீட் எக்ஸ்சேஞ்சர் வெச்சு சூட்டை மட்டும் கடத்துவாங்க. எல்லாத்துக்கும் அடியில் பாப்பினோட கேள்விதான்: மிச்ச சூடு எந்த வழியா வெளியே போகும்?

அவர் வாழ்க்கையில்தான் அப்படி ஒரு வழி கிடைக்கவே இல்லை. 1685-ல் பிரான்ஸ் அரசன் புராட்டஸ்டண்ட்களுக்கு இருந்த உரிமையைப் பறிச்சதும், சொந்த ஊருக்குத் திரும்பும் கதவு மூடிப்போச்சு. ஜெர்மனியில் மார்பர்கில் கணிதப் பேராசிரியர் ஆனார். 1690-ல் உருளைக்குள் பிஸ்டனை வெச்சு, நீராவி குளிரும்போது காற்றழுத்தமே பிஸ்டனைக் கீழே தள்ளும்னு எழுதிக் காட்டினார். பிறகு காசல் நகரில் ஹெஸ்ஸே பிரபுவிடம் வேலை.

1707-ல் துடுப்புச் சக்கரம் வெச்ச படகில் குடும்பத்தோட லண்டனுக்குக் கிளம்பினார். அது நீராவிப் படகுன்னு பல இடத்தில் படிப்பீங்க. சக்கரத்தைக் கையால்தான் சுத்தினாங்க. மூண்டன் என்ற இடத்தில் படகோட்டிகள் சங்கம் வழிமறித்தது. ஆற்றில் படகு விடும் உரிமை அவங்களுடையது. படகை அடிச்சு நொறுக்கிட்டாங்க.

வெறுங்கையோட லண்டன் வந்தார். பாயில் இறந்து பல வருஷம் ஆகியிருந்தது. ராயல் சொசைட்டியின் தலைவர் அப்போ நியூட்டன். பாப்பின் எழுதி எழுதிக் கேட்டும் நீராவிப் படகுக்குப் பண உதவி கிடைக்கவில்லை. 1712-ல், பிஸ்டன் வெச்ச நியூகோமனின் நீராவி இயந்திரம் இங்கிலாந்துச் சுரங்கத்தில் தண்ணீர் இறைக்க ஆரம்பிச்சது. அடுத்த வருஷம் பாப்பின் வறுமையில் இறந்தார். எங்கே புதைச்சாங்கன்னுகூட ரொம்ப காலம் யாருக்கும் தெரியாது.

அடுத்த ப்ராஜெக்ட் ரிவ்யூவில் மாடல் நல்லா ஓடுதான்னு எல்லாரும் கேட்பாங்க. பம்ப் நின்னா என்ன ஆகும்னு நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்க. அப்புறம் வீட்டுக்குப் போகும்போது, அந்த வெயிட்டைக் கழுவி வைக்கும் வேலையையாவது நீங்க எடுத்துக்கோங்க.