சமையலறையில் பிறந்த ஹெட்போன்: யார் இந்த நதானியேல் பால்ட்வின்?

சிவகாசி வெயில்ல ஒரு மணி நேரம் ஹெட்போன் மாட்டியவங்களுக்குத் தெரியும், பாட்டு நல்லா கேட்டா மட்டும் போதாது. காது வியர்க்கும். உச்சந்தலை அழுத்தும். கண்ணாடி போட்டிருந்தா காதுக்குப் பின்னாடி வலிக்கும். ஒலி எப்படி, சௌகரியம் எப்படி என்ற இந்த இரண்டு கேள்விகளுக்கும் 100 வயது தாண்டிவிட்டது. அவற்றை முதலில் எதிர்கொண்டவர்களில் ஒருவர் நதானியேல் பால்ட்வின்.

யார் இவர்?

1878-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பிறந்தவர். ஸ்டான்ஃபோர்டில் மின் பொறியியல் படித்தவர். ஊர்ல இருந்த பெரிய பிரார்த்தனைக் கூடத்தில் பிரசங்கம் சரியாகக் காதில் விழவில்லை. மெல்லிய ஒலியைப் பெருக்க வழி தேடிக் கிளம்பியதுதான் ஆரம்பம்.

என்ன செய்தார்?

வீட்டு சமையலறை மேஜையிலேயே ஒரு ரிசீவர் செய்தார். அன்றைய டெலிபோன் ரிசீவர்களில் காந்தம் ஒரு இரும்புத் தகட்டை நேரடியாக இழுக்கும். இவர் மைக்கா தகட்டைப் போட்டு, காந்தத்தால் அசையும் சிறு இரும்புத் துண்டின் அசைவைச் சிறு கம்பி வழியாக அதற்குக் கடத்தினார். பலவீனமான சிக்னல்கூட தெளிவாகக் கேட்டது.

1910-ல் ஒரு ஜோடியை அமெரிக்கக் கடற்படைக்கு அனுப்பினார். கப்பல்ல மணிக்கணக்கா மோர்ஸ் தந்தியைக் கேட்கும் வயர்லெஸ் ஆபரேட்டர்களுக்கு அது வரப்பிரசாதம். ஒலியில் குறை இல்லை. புகார் வந்தது தலைப்பட்டை பற்றித்தான், ரொம்ப நேரம் போட முடியலை. பால்ட்வின் அதையும் மாற்றினார். தோல் சுற்றிய இரண்டு கம்பிகள், தலைக்கேற்ப ஏற்றி இறக்கும் வசதி.

கடற்படை மொத்தமாகக் கேட்டது. சமையலறையில் வேலை நடப்பதால் ஒரு தடவைக்கு 10 ஜோடிதான் முடியும் என்றார். காப்புரிமை வாங்கச் சொன்னபோது, இது அற்ப விஷயம் என்று விட்டுவிட்டார்.

பிறகு?

முதல் உலகப் போரும் ரேடியோ மோகமும் அவரை உயர்த்தின. தொழிற்சாலையில் சுமார் 150 பேர் வேலை பார்த்தார்கள். 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் தீப்பெட்டித் தொழில் கற்க சிவகாசியிலிருந்து கல்கத்தா போனபோது, பால்ட்வின் உச்சத்தில் இருந்தார். நாடார்கள் திரும்பி வந்து ஒரு ஊரையே தொழில் நகரமாக்கினார்கள். பால்ட்வினோ தன் மதக் குழுவினரை நம்பிப் பணத்தைக் கொட்டினார். 1924-ல் நிறுவனம் திவாலானது. பின்னர் பங்கு விற்பனை தொடர்பான அஞ்சல் மோசடி வழக்கில் சிறை சென்றார். 1961-ல் வறுமையில் இறந்தார்.

நமக்கு என்ன?

கடையில் வயர் ஹெட்போன் வாங்கும்போது கடற்படை ஆபரேட்டர் மாதிரி சோதிங்க. நல்லா தெரிஞ்ச பாட்டைக் குறைந்த சத்தத்துல போடுங்க. பின்னணியில் வரும் மெல்லிய கருவி தனியாகக் கேட்குதா? 20 நிமிஷம் கழற்றாம இருக்க முடியுதா? மெத்தை காதை முழுசா மூடுதா, இல்லை காது மேலேயே உட்காருதா? கண்ணாடியோட போட்டுப் பாருங்க.

ஒலிக்காக மட்டும் வாங்கின ஹெட்போன் சீக்கிரமே மேஜையில் தூங்கும். பால்ட்வின் அற்பம் என்று நினைத்ததுதான் உங்க காசைக் காப்பாற்றும்.