கர்னல் காலின் மெக்கன்சி

நம் முன்னோரின் கல்வெட்டுகளையும் ஏட்டுச் சுவடிகளையும் தேடிக் காத்த பெருமக்களை எண்ணும்போது, கடல் கடந்து வந்த ஓர் அரசு அலுவலரையும் நாம் மறத்தலாகாது. அவரே கர்னல் காலின் மெக்கன்சி.

1754இல் ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் ஸ்டோர்னோவே என்னும் ஊரில் பிறந்த இவர், அங்குச் சுங்கத்துறையில் பணியாற்றினார். 1783இல் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் சேர்ந்து சென்னைக்கு வந்தார். பிறந்த ஊருக்கு அவர் பின்னர்த் திரும்பவேயில்லை.

1799இல் திப்பு சுல்தான் வீழ்ந்தபின், மைசூர் நாட்டை அளக்கும் பொறுப்பு இவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கம்பெனி வேண்டியவை எல்லைகளும் வரைபடங்களுமே. மெக்கன்சியோ ஊர்தோறும் கல்வெட்டு, நாணயம், ஏடு, வாய்மொழி வரலாறு ஆகியவற்றையும் திரட்டலானார். அதற்குத் தம் சொந்தப் பொருளையும் பெரிதும் செலவிட்டார்.

இந்நாட்டு மொழிகளில் அவருக்குப் புலமை இல்லை. அதனை அவர் மறைத்ததும் இல்லை. இந்நாட்டு அறிஞர்களையே துணையாகக் கொண்டார். அவர்களுள் தலையாயவர் காவலி வெங்கட போரய்யா. அவர் 1803இல் மறைந்தபின் தம்பி இலட்சுமய்யா அப்பணியை ஏற்றார். மைசூர் நாட்டுச் சமணப் புலவர் தர்மய்யா, பழங்கன்னடக் கல்வெட்டுகளைப் படித்துப் பொருளுரைத்தார். ஐரோப்பியர் சமணத்தைப் பற்றி மிகச் சிறிதே அறிந்திருந்த அக்காலத்தில், சமணப் பெரியார் ஒருவர் கூறிய செய்திகளைப் போரய்யா மொழிபெயர்த்தார். மெக்கன்சியின் முயற்சியால் அவை ஆசியச் சங்கத்தின் ஆய்வுத் தொகுதியில் வெளிவந்தன.

1810இல் சென்னை மாகாணத்தின் தலைமை நில அளவையாளராகவும், 1815இல் இந்தியா முழுமைக்கும் முதல் தலைமை நில அளவையாளராகவும் உயர்ந்தார். மறு ஆண்டு தாமஸ் ஹிக்கி என்னும் ஓவியர் அவரைத் தீட்டினார். அவ்வோவியத்தில் அவர் தனித்து நிற்கவில்லை. தம் இந்தியத் துணைவர்களுடன் நிற்கிறார். அவர்களுள் ஒருவர் ஏடு ஏந்திய தர்மய்யா எனக் கருதப்படுகிறது. பின்னணியில் குன்றின்மேல் பகவான் பாகுபலியின் திருமேனி எழுந்து நிற்கிறது. புகழைத் தமக்கே உரியதாக்கிக் கொள்ளாத உள்ளத்துக்கு அவ்வோவியமே சான்று.

1821 மே 8ஆம் நாள் கல்கத்தா அருகே அவர் மறைந்தார். 1,500க்கும் மேற்பட்ட சுவடிகளும், 8,000க்கும் மேற்பட்ட கல்வெட்டுப் படிகளும் அடங்கிய அவருடைய தொகுப்பைக் கம்பெனி 1 இலட்சம் ரூபாய்க்கு வாங்கியது. தென்னிந்திய மொழிச் சுவடிகளில் பெரும்பகுதி பின்னர்ச் சென்னைக்கு வந்து, அரசினர் கீழ்த்திசைச் சுவடிகள் நூலகத்தில் இடம்பெற்றது.

அவர் பணியாற்றியது அயலார் ஆட்சிக்கே என்பதும் உண்மை. ஆயினும், அவர் படியெடுத்திராவிடில் எத்தனையோ செய்திகள் அழிந்தே போயிருக்கும். மொழியறியாத ஒருவர் இத்துணைக் காத்தார். அம்மொழிக்குரிய நாமோ, பரணில் கிடக்கும் ஏடுகளைச் செல்லுக்கு இரையாக விடலாமா? ஓர் ஏட்டையேனும் காத்துப் படியெடுத்து வைப்பதே, அவருக்கும் தர்மய்யாவுக்கும் நாம் செலுத்தும் உண்மையான அஞ்சலியாகும்.