ஆற்றைத் திருப்பிய அண்ணல்

பாண்டி நாட்டின் மேற்கெல்லையில் வருசநாட்டு மலைகள் முகில் சூழ நிற்கின்றன. பாண்டியரின் பெருமைக்குரிய வையையாறு அம்மலைகளிலேதான் பிறக்கின்றது. ஆயினும் அவ்வாறு ஆண்டு முழுதும் நீர் சுமந்து ஓடுவதில்லை. மழை பெய்யுங்கால் கரை புரண்டு வரும்; மழை நின்றால் சில திங்களுள் மணற்பரப்பாய்க் கிடக்கும். இம்மலைகளின் மேற்குப் புறத்திலோ நிலைமை வேறு. அங்கே தென்மேற்குப் பருவமழை பெருமழையாகப் பொழியும். அந்நீரை ஏந்திய பெரியாறு அடர்ந்த காட்டினூடே மேற்கு நோக்கி ஓடி அரபிக்கடலிற் கலக்கும். ஒரு புறத்தில் வெள்ளம் வீணே கடலைச் சேர, மறுபுறத்தில் மதுரையும் இராமநாதபுரமும் வானத்தைப் பார்த்து ஏங்கின. இவ்விரண்டிற்கும் இடையே நின்ற மலையைத் துளைத்து, ஆற்றின் போக்கையே மாற்றிய பெருமகனார் ஜான் பென்னிகுவிக் என்பவர்.

மேற்கே ஓடும் நீரைக் கிழக்கே திருப்புதல் வேண்டும் என்னும் எண்ணம் அவர்க்கு முன்னரே தமிழரிடத்தில் தோன்றியது. 1789-ஆம் ஆண்டளவில் இராமநாதபுரம் சேதுபதி மன்னரின் பிரதானியாக விளங்கிய முத்திருளப்ப பிள்ளை இதனை ஆராய்ந்தார். பெரும்பொருள் வேண்டியிருந்தமையால் அம்முயற்சி கைகூடவில்லை. 1808-இல் ஆங்கிலப் படைப்பொறியாளர் ஒருவர் மலைகளைச் சுற்றிப் பார்த்து, இஃது இயலாத செயல் என்று அறிக்கை விடுத்தார். 1850-இல் தொடங்கிய ஒரு சிறு பணியும் காட்டு நோய்க்கு அஞ்சிக் கைவிடப்பட்டது. பின்னர் 1876 முதல் 1878 வரை தென்னாட்டைத் தாது வருடப் பெரும்பஞ்சம் வாட்டியது. பசியால் மாண்டோர் எண்ணிறந்தோர். அத்துயரமே உறங்கிக் கிடந்த பழைய எண்ணத்தை மீண்டும் எழுப்பியது.

பென்னிகுவிக் 1841-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 15-ஆம் நாள் புனே நகரிற் பிறந்தார். அவர்தம் தந்தையார் ஆங்கிலப் படையில் உயர்ந்த பதவி வகித்தவர். 1849-ஆம் ஆண்டு சனவரி 13-ஆம் நாள், பஞ்சாபில் சிலியன்வாலா என்னுமிடத்தில் நிகழ்ந்த போரில் தந்தையார் மாண்டார். வீழ்ந்த தந்தையின் உடலைக் காக்க முற்பட்ட மகன் ஒருவரும் அக்களத்திலேயே உயிர் துறந்தார். இளைய ஜானுக்கு எட்டு வயது நிறைதற்கு அப்பொழுது இரண்டு நாட்களே எஞ்சியிருந்தன. தாயின் அரவணைப்பில் வளர்ந்த அச்சிறுவர் இங்கிலாந்தில் செல்ட்டன்காம் கல்லூரியிலும், பின்னர் ஆடிசுகோம்புப் படைக்கல்லூரியிலும் பயின்று, சென்னைப் பொறியாளர் படையிற் சேர்ந்தார். 1860-இல் இந்தியாவுக்கு வந்தார். தந்தையும் தமையனும் வாளேந்திய நாட்டில், அவர் அளவுகோல் ஏந்தினார்.

பெரியாற்றுத் திட்டத்தைப் புதிதாக வகுக்கும் பொறுப்பு 1882-இல் அவரிடம் ஒப்புவிக்கப்பட்டது. அவர்க்கு முன்னையோர் மண்ணணை அமைக்கக் கருதினர். காட்டு வெள்ளத்தின் வேகத்தை அறிந்த பென்னிகுவிக், கல்லும் சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு உறுதியான பேரணை கட்டுதல் வேண்டும் எனத் துணிந்தார். சுர்க்கி என்பது சுட்ட செங்கல்லை இடித்த பொடியாகும். பெரியாறும் முல்லையாறும் கூடுமிடத்திற்குக் கீழே, இரு குன்றுகளுக்கிடையே அணை எழுப்புதல். தேங்கிய நீர் பின்னோக்கிப் பரவிப் பள்ளத்தாக்குகளை நிரப்பி, வடக்கே தேக்கடியை எட்டுமாறு செய்தல். அங்கே மலையைக் குடைந்து சுரங்கம் அமைத்து, நீரைக் கம்பம் பள்ளத்தாக்கில் இறக்குதல் - இதுவே அவர் வகுத்த வழி. திட்டம் 1884-இல் ஏற்கப்பெற்றது. அணையும் நீர்த்தேக்கமும் அமையும் நிலம் திருவிதாங்கூர் அரசுக்கு உரியதாகையால், 1886-ஆம் ஆண்டு அக்டோபர் 29-ஆம் நாள் 999 ஆண்டுக் குத்தகை உடன்படிக்கை எழுதப்பெற்றது. மறு ஆண்டு பணி தொடங்கிற்று.

ஏட்டில் வரைவது எளிது. காட்டிற் கட்டுவது அரிது. அணைக்குக் குறித்த இடம் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 2,900 அடி உயரத்தில், மனிதர் குடியேறாத மழைக்காட்டின் நடுவில் இருந்தது. கதிரவன் ஒளி தரையிற் படாதவாறு மரங்கள் கிளை பின்னி நின்றன. கால் வைத்த இடமெல்லாம் அட்டைகள் பற்றின. யானைக் கூட்டங்கள் இட்ட கூடாரங்களை மிதித்துச் சென்றன. கொசுவால் வரும் முறைசுரம் வலியோரையும் வீழ்த்தியது. அக்காட்டின் தடங்களை அறிந்தவர் பளியர், மன்னான் முதலிய மலைவாணரே.

இத்தகைய இடத்துக்குப் பொருள்களைக் கொண்டு சேர்த்தலே முதற்பெரும் போராட்டமாயிற்று. புகைவண்டி நிலையத்திலிருந்து மாட்டுவண்டிகள் பல நாள் நடந்து கூடலூரை அடையும். அங்கிருந்து மலையுச்சிக்கு இரும்புக் கயிற்று வழி அமைத்துச் சுமைகளை ஏற்றினர். அதற்கப்பால் சாலையிட இடமின்மையின், ஆற்றையே சாலையாக்கினர். ஆழமில்லாத இடங்களில் நீரைத் தேக்கி உயர்த்திப் படகுகளை விட்டனர். சுண்ணாம்பும் கருவிகளும் உணவு மூட்டைகளும் சிறு படகுகளில் ஏறின. இரு கரையிலும் இருண்ட காடு. மேலே மரக்கிளைகளின் பந்தல். எதிரே எப்பொழுது பெருகும் என்றறியாத நீரோட்டம். அந்நீர்வழியிற் சென்றோர் காட்சியின்பத்திற்காகச் சென்றாரல்லர். படகு ஒருநாள் தடைப்பட்டால் பணியும் தடைப்படும். உணவு மூட்டை வரத் தாழ்த்தால் தொழிலாளர் வயிறு வாடும். ஆறு அவர்க்கு உணவூட்டும் தாயாகவும், கட்டியதைக் கலைக்கும் பகையாகவும் ஒருங்கே நின்றது.

அணையின் அடித்தளம் இடுவதற்கு ஆற்றை ஒருபுறம் ஒதுக்க வேண்டியிருந்தது. அதற்காகத் தற்காலிகத் தடுப்புக்களை எழுப்பினர். மழைக்காலத்தில் காட்டாறு சீறி வந்து அவற்றை அடித்துச் சென்றது. மீண்டும் கட்டினர், மீண்டும் வெள்ளம் வந்தது. பல திங்கள் உழைப்பு ஓரிரவில் மறைந்தது. செலவு பெருகுதல் கண்டு மேலிடத்தார் மனம் தளர்ந்தனர். பென்னிகுவிக் தளர்ந்திலர். நீர் வற்றும் காலத்தை எதிர்நோக்கி மறுபடியும் முதலிலிருந்து தொடங்கினார். அரசு பணம் தர மறுத்தபோது அவர் தம் சொத்தையும் மனைவியாரின் அணிகலன்களையும் விற்றுப் பணியை நடத்தினார் எனக் கம்பம் பள்ளத்தாக்கு மக்கள் வழிவழியாகக் கூறுவர். செவிவழியாக வந்த அச்செய்தி, ஓர் ஊரார் ஒருவர்பால் வைத்த நன்றியின் அளவை நமக்குக் காட்டுகின்றது.

அவர் ஒருவரே அணையைக் கட்டினாரல்லர். சென்னைப் பயனியர் படையினர், கொச்சியிலிருந்து வந்த போர்த்துக்கேசியத் தச்சர், பள்ளத்தாக்கின் சிற்றூர்களிலிருந்து மலையேறிய கூலி மக்கள் ஆகிய எல்லாரும் தோள் கொடுத்தனர். நோய்வாய்ப்பட்டு 483 பேர் அங்கு மாண்டனர் எனப் பதிவேடுகள் காட்டுகின்றன. அணையின் அருகே காட்டினுள் அமைந்த இடுகாட்டில் அவருட் பலர் துயில்கின்றனர். அவர்தம் பெயர்களை இன்று அறிவார் சிலரே. மருதநிலத்தில் நெற்கதிர் சாயும்போதெல்லாம் அவர் உழைப்பும் உடன் நினைக்கத்தக்கது.

மறுபுறம் மலையைக் குடையும் பணியும் இடைவிடாது நடந்தது. கருங்கற் பாறையை வெடிவைத்துத் தகர்த்து, ஒரு மைலுக்கு மேல் நீண்ட சுரங்கத்தை அமைத்தனர். 1895-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 10-ஆம் நாள் சென்னை மாகாண ஆளுநர் வென்லாக்குப் பிரபு நீரைத் திறந்து வைத்தார். அரபிக்கடலை நோக்கி ஓடிய ஆற்றின் நீர் அன்று கிழக்கே திரும்பியது. அது மலையடிவாரத்தில் வைரவனாற்றில் இறங்கி, சுருளியாற்றோடு கூடி, தேனிக்கு அருகே வருசநாட்டிலிருந்து வரும் வையையைத் தழுவிற்று. பேரணையிலிருந்து பிரியும் கால்வாய் அந்நீரை மதுரைச் சீமையின் வயல்களுக்குக் கொண்டு சென்றது. ஒருபோகமும் ஐயமாக இருந்த நிலங்கள் இருபோகம் விளைந்தன.

பணி முடிந்தபின் பென்னிகுவிக் தாய்நாடு திரும்பி, கூப்பர்சு இல் பொறியியற் கல்லூரியின் தலைவராக 1896 முதல் 1899 வரை விளங்கினார். ஆசுத்திரேலிய நாட்டின் பிரிசுபேன் நகரில் வெள்ளத் தடுப்புக்கு வழிகூறவும் அழைக்கப்பெற்றார். 1911-ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 9-ஆம் நாள் இங்கிலாந்தில் கேம்பர்லி என்னும் ஊரில் இயற்கை எய்தினார்.

அவர் தேக்கிய நீர் இன்று கிளைகிளையாகப் பரந்த ஏரியாய்த் திகழ்கின்றது. அதனைச் சூழ்ந்த காட்டை 1934-இல் திருவிதாங்கூர் அரசு விலங்குகளின் புகலிடமாக்கியது. 1978-இல் அது புலிகள் காப்பகமாயிற்று. தேக்கடியில் படகேறுவோர் அமைதியான நீர்மேற் செல்லுங்கால், கரையில் நீர் பருக வரும் யானைகளையும் காட்டெருதுகளையும் மிளாக்களையும் காண்பர். நீரின் நடுவே இலையும் கிளையுமின்றிக் கருத்த அடிமரங்கள் நிற்கும். அவற்றின்மேல் நீர்க்காகங்கள் சிறகு விரித்து வெயில் காயும். அம்மரங்கள் அணை எழுதற்கு முன் அங்கே தழைத்திருந்த காட்டின் எச்சங்களாம். ஏரியாவதற்காக மூழ்கிய காட்டையும், அணைக்காக மடிந்த மனிதரையும் அவை பேசாமற் பேசுகின்றன. பெரும்பயன் எதுவும் விலையின்றிக் கிடைப்பதில்லை என்னும் உண்மையைப் படகிற் செல்வோர் அங்கே உணரலாம்.

பள்ளத்தாக்கு மக்கள் பென்னிகுவிக்கை மறந்திலர். பல இல்லங்களில் அவர் படம் முன்னோர் படங்களோடு விளங்குகின்றது. பெற்றோர் தம் மக்களுக்கு அவர் பெயரை இடுகின்றனர். பாலார்பட்டி முதலிய ஊர்களில் அவர் பிறந்தநாளன்று பொங்கலிட்டு மகிழ்கின்றனர். 2013-ஆம் ஆண்டு சனவரி 15-ஆம் நாள் லோயர் கேம்பில் அவர்க்குத் தமிழக அரசு மணிமண்டபம் திறந்தது. 2022-இல் அவர் வாழ்ந்து மறைந்த கேம்பர்லியிலும் தமிழ்நாட்டரசின் சார்பில் சிலை நிறுவப்பெற்றது.

அவர் பிறப்பால் அயலார், மொழியால் வேறுபட்டவர், நம் நாட்டை ஆண்ட அரசின் அலுவலர். ஆயினும் தாம் உண்ணாத நெல்லுக்காகவும், தாம் காணாத தலைமுறைக்காகவும் வெள்ளத்தோடு போராடினார். தடை நேருந்தோறும் முயற்சியைப் புதுப்பித்தலே அவர் நமக்கு விட்டுச்சென்ற செல்வம். மாணவர்களே, நீங்களும் ஒருநாள் உங்கள் ஊருக்கு ஆற்ற வேண்டிய பணியை மேற்கொள்வீர்கள். கட்டியது கலைந்தாலும் கலங்காது, மீண்டும் முதற்கல்லை எடுத்து வைக்கும் உறுதியைப் பெறுவீர்களாக.