காலனிகளுக்காகக் கணக்குக் கேட்ட ரால்ஃப் பன்ச்

டெட்ராய்ட் நகரில் பிறந்த கறுப்பின அமெரிக்கர் ரால்ஃப் பன்ச். சிறு வயதில் தாயை இழந்து பாட்டியிடம் வளர்ந்தவர். ஆப்பிரிக்காவில் சர்வதேச சங்கத்தின் கண்காணிப்பில் இருந்த டோகோலாந்தையும் வெறும் காலனியான தஹோமியையும் ஒப்பிட்டு, 1934இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். இரண்டையும் ஆண்டது பிரான்ஸ். கண்காணிப்பு இருந்தும் மக்கள் வாழ்வில் பெரிய வேறுபாட்டை அவர் காணவில்லை.

1945இல் ஐ.நா. சாசனத்தில் காலனிகள் பற்றிய அத்தியாயங்களை எழுதியவர்களில் அவரும் ஒருவர். அறங்காவல் பகுதிகளுக்கு ஐ.நா. குழு நேரில் போய்ப் பார்க்க அதில் வழி பிறந்தது. மற்ற காலனிகளுக்கு ஆள்பவரின் அறிக்கையே போதும். அரசியல் நிலவரத்தைச் சொல்லக் கட்டாயமில்லை. 1946இல் மலாயன் யூனியனும் சிங்கப்பூரும் இந்த இரண்டாவது பட்டியலில்தான் இருந்தன. துரை எழுதும் தோட்டக் கணக்கு எப்படி இருக்கும் என்பது நம்மவர்களுக்குத் தெரியாததா?

1971இல் மறைந்த பன்ச்சுக்கு 1950இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது இஸ்ரேல், அரபு நாடுகளின் போர்நிறுத்தத்துக்காக.