நள்ளிரவில் ஒலித்த சத்திரத்து மணி

முடிமன்னர்க்குப் பல்லாண்டு பாடுவது நம் வேலையல்ல. ஆயினும், தஞ்சையில் வாழ்ந்து மறைந்த மன்னர் ஒருவரின் கதையைத் தோழர்களுக்குச் சொல்லியாக வேண்டும். இரண்டாம் சரபோசி அவர் பெயர்.

பிறந்தது 1777-இல். துளசா மன்னர் அவரைத் தத்தெடுத்தார். ஆனால், சிற்றப்பன் அமர்சிங் அரியணையில் அமர்ந்துகொண்டார். சுவார்ட்சு பாதிரியாரின் அரவணைப்பில் கல்வி கற்ற சரபோசி, 1798-இல்தான் முடிசூடினார். அடுத்த ஆண்டே கும்பெனியார் ஒப்பந்தம் நீட்டினர். காவிரி பாயும் வயல்கள் கும்பெனிக்கு. கோட்டையும் அரண்மனையும் அவருக்கு!

நாடு போயிற்று. பின் எதைக் காக்கத் துடித்தார்? இராமேசுவரம் செல்லும் சாலையில் இருந்த சத்திரங்களை! கூட்டம் போகும் வழியேதான் கொள்ளைநோயும் போகும். 1801-இல் ரெசிடெண்ட் டோரின் துரைக்கு அவர் மடல் எழுதினார். சத்திரந்தோறும் மருத்துவர் உண்டு. வழியில் நோயுற்று விழுந்தவர்க்குக் குணமாகும் வரை மருந்தும் உணவும் உண்டு. பார்ப்பனர் முதல் பறையர் வரை அனைவருக்கும் சோறு உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, உண்ணாதவர் எவரேனும் உண்டோ என்று கூவி அழைப்பதுண்டு என்று விளக்கினார். இவற்றில் கை வைக்காதீர் என்று வேண்டினார். சத்திரங்கள் அவர் பொறுப்பிலேயே விடப்பட்டன.

குறை இல்லையா? உண்டு. அங்கே வேதம் ஓதுவிக்க ஆசிரியர்கள் அமர்த்தப்பட்டனர். அதற்கும் சேர்த்து நெல் விளைவித்தவன் உழவன்! அதை மறைக்கமாட்டோம். ஆனால், நோயாளியின் மடியைத் தடவிப் பார்க்கும் வழக்கம் அங்கில்லை. அரண்மனையில் தன்வந்திரி மகால் அமைத்தார். கண் நோயாளிகளின் சிகிச்சைக் குறிப்புகளைப் படத்தோடு எழுதி வைக்கச் செய்தார். 1832-இல் மறைந்தார்.

நம் காலத்துக்கு வருவோம். கொரோனா கொடுமை சூழ்ந்த 2020 சூனில், தனியார் மருத்துவமனைகள் தீவிர சிகிச்சைக்கு நாளொன்றுக்கு 15,000 ரூபாய்க்கு மேல் வாங்கலாகாது எனத் தமிழக அரசு வரம்பு கட்டியது. வரம்பு தேவைதான். ஆனால், நாற்று நடும் கூலியாளின் கையில் 15,000 ஏது? பத்து நாள் படுத்தால் ஒன்றரை இலட்சம்! குடிசையை விற்றாலும் கிடைக்குமா?

2021 மே 7 அன்று முதலமைச்சர் பொறுப்பேற்ற மு.க. ஸ்டாலின், அன்றைக்கே கையொப்பமிட்ட ஆணைகளுள் ஒன்று இதற்கு விடை சொன்னது: காப்பீட்டுத் திட்டத்தின்கீழ், தனியார் மருத்துவமனையில் கொரோனா சிகிச்சை பெறுவோரின் செலவை அரசே ஏற்கும்!

விலைக்கு வரம்பு கட்டுவது பாதிக் கடமை. நோயாளியை ஏற்று, குணமாகும் வரை தாங்குவதே முழுக் கடமை. நாடிழந்த மன்னருக்கே அது இயன்றதென்றால், மக்கள் அமைத்த அரசுக்கு இயலாதா?

தோழர்களே! ஆணை தாளில் கிடந்தால் உயிர் பிழைக்காது. அடுத்த கொள்ளைநோய் சொல்லிக்கொண்டு வாராது. அது வரும் நாளில், மருத்துவமனை வாசலில் ஏழை திருப்பி அனுப்பப்படாமல் பார்த்துக்கொள்ளும் காவலர் நாமே!