காலுக்குள்ள லீக் ஆகுற வால்வு: டிரெண்டலென்பர்க்கின் கதை

மெடிக்கல் காலேஜ்ல படிக்கிற ஸ்கூல் ஃப்ரெண்டு ஒருத்தராவது உங்களுக்கு இருப்பாங்க. அவங்களுக்கு ஒரு மெசேஜ் போட்டு, டிரெண்டலென்பர்க்னா என்னன்னு கேளுங்க. எந்த டிரெண்டலென்பர்க்னு திருப்பிக் கேப்பாங்க. டெஸ்ட்டா, பொசிஷனா, ஆபரேஷனா, நடையா? ஒரே ஆளோட பேர்ல இத்தனை இருக்கு. ஆனா அந்த ஆள் யாருன்னு கேட்டா அவங்களும் கொஞ்சம் முழிப்பாங்க. பரீட்சைக்கு அது வராதே.

அவர் நமக்கு எதுக்குன்னு தெரியணும்னா தர்மபுரி பஸ் ஸ்டாண்டுல இறங்கி கொஞ்ச நேரம் மத்தவங்க கால்களைப் பாருங்க. விடியக்காலையில பாய்லர் முன்னாடி நிக்க ஆரம்பிக்கிற டீ மாஸ்டர், ராத்திரி வரைக்கும் கல்லை விட்டு நகராத பரோட்டா மாஸ்டர், டவுன் பஸ் கண்டக்டர், ஜவுளிக்கடையில சேலை விரிச்சுக் காட்டுற அக்கா. இவங்கள்ல சிலரோட கெண்டைக்கால்ல பச்சையும் நீலமுமா, கயிறு திரிச்ச மாதிரி ஏதோ புடைச்சு நெளிஞ்சு ஓடும். நம்ம ஊர்ல நரம்பு சுருட்டிக்கிச்சுன்னு சொல்வாங்க. புத்தகத்துல சுருள் சிரை, ஆஸ்பத்திரியில வெரிகோஸ் வெயின். தோலை ஒட்டி சிவப்பாவும் நீலமாவும் மெல்லிசா வலை பின்னியிருந்தா அது சிலந்தி சிரை, அதாவது ஸ்பைடர் வெயின். அது பெரும்பாலும் அழகு சம்பந்தப்பட்ட கவலைதான்; வேணும்னா சின்ன ஊசியில மருந்து ஏத்தி மறைய வைப்பாங்க. பெரிய சுருள்தான் தொந்தரவு பிடிச்சது. அது ஏன் வருது, எங்க அடைச்சா சரியாகும்னு கிட்டத்தட்ட ஒரு மெக்கானிக் மாதிரி யோசிச்சவர் ஃபிரெட்ரிக் டிரெண்டலென்பர்க்.

1844 மே 24 அன்று பெர்லினில் பிறந்தார். அப்பா அங்கே பல்கலைக்கழகத்தில் தத்துவப் பேராசிரியர், அரிஸ்டாட்டிலைப் பத்தி எழுதிப் பேர் வாங்கினவர். பையன் ஸ்காட்லாந்து போய் கிளாஸ்கோ, எடின்பரோவில் மருத்துவப் படிப்பைத் தொடங்கி, பெர்லினுக்குத் திரும்பி முடிச்சார். 1866ல் டாக்டர் பட்டத்துக்கு லத்தீன்ல ஒரு ஆய்வேடு எழுதினார். தலைப்பு என்ன தெரியுமா? பண்டைய இந்தியர்களின் அறுவை சிகிச்சை!

இதைப் படிச்சப்போ எனக்கு ஆச்சரியமா இருந்துச்சு. ஆனா யோசிச்சா அவ்வளவு விசித்திரம் இல்ல. அவர் பிறந்த அதே 1844லதான் ஹெஸ்லர் என்ற ஜெர்மானியர் சுஸ்ருத சம்ஹிதையை லத்தீன்ல பெயர்த்து வெளியிட ஆரம்பிச்சிருந்தார். அந்த நூல்ல சிரைகளுக்குன்னே தனி அத்தியாயங்கள் இருக்கு. சிரைங்கிற சொல்லே அந்த மொழியில இருந்து நம்ம அறிவியல் புத்தகத்துக்கு வந்ததுதான். (இதை வச்சு எல்லாத்தையும் நம்ம ஆளுங்க அப்பவே கண்டுபிடிச்சுட்டாங்கன்னு ஸ்டேட்டஸ் போட்டுடாதீங்க. ஒரு இருபத்திரண்டு வயசுப் பையன் ரொம்ப தூரத்து ஊரோட வைத்தியத்தை மதிச்சுப் படிச்சான், அவ்வளவுதான்.)

அப்புறம் பெர்லினில் லாங்கன்பெக் என்ற பெரிய சர்ஜன்கிட்ட உதவியாளராச் சேர்ந்தார். அந்தக் காலத்துல வாய், தாடை ஆபரேஷன்ல ஒரு பெரிய ஆபத்து, ரத்தம் மூச்சுக்குழாய்க்குள்ள இறங்கிடும். டிரெண்டலென்பர்க் கழுத்து வழியா மூச்சுக்குழாய்க்குள்ள விடுற ஒரு குழாயைச் செஞ்சு, அதைச் சுத்தி ஊதினா உப்புற ரப்பர் உறை போட்டார். உறை உப்பினதும் ரத்தம் உள்ள போகாது, மயக்க மருந்து மட்டும் குழாய் வழியா போகும். கொரோனா நேரத்துல வென்டிலேட்டர் குழாய் படம் பார்த்திருப்பீங்களே, அதோட நுனியில ஒரு குட்டி பலூன் இருக்கும். அதுக்கு இது ஒரு தாத்தா.

1875ல் ராஸ்டாக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர், 1882ல் பான் நகரம். பான்ல இருந்த வருஷங்கள்தான் அவரோட நல்ல காலம்னு நான் நினைக்கிறேன். அடிவயித்துல ஆபரேஷன் பண்றப்போ குடல் வந்து வந்து மறைக்கும். அவர் நோயாளியோட இடுப்பை மேலயும் தலையைக் கீழயும் சரிச்சுட்டார். ஆரம்பத்துல அதுக்கான டேபிள் கூட இல்ல. உதவியாள் ஒருத்தர் நோயாளியோட முழங்கால்களைத் தோள்ல மாட்டிக்கிட்டு நிப்பார். குடல் தானா மார்பு பக்கம் சரிஞ்சு போயிடும். ஈர்ப்பு விசையைச் சம்பளம் இல்லாத அசிஸ்டன்ட் ஆக்கிட்டார். டிரெண்டலென்பர்க் பொசிஷன்னா இதுதான், இன்னைக்கும் ஆபரேஷன் தியேட்டர்ல தினமும் சொல்ற வார்த்தை.

இப்போ காலுக்கு வருவோம். காலில் இருக்கிற ரத்தம் இதயத்துக்குத் திரும்ப மேல ஏறணும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் முதல் யூனிட்டை ஞாபகப்படுத்திக்கோங்க: அடர்த்தி, ஈர்ப்பு முடுக்கம், உயரம், மூணையும் பெருக்கணும். ரத்தத்தோட அடர்த்தி கன மீட்டருக்கு சுமார் 1060 கிலோ, இதயத்துல இருந்து கணுக்காலுக்கு ஒரு 1.2 மீட்டர்னு வச்சா, அசையாம நிக்கிற ஆளோட கணுக்கால் சிரையில அழுத்தம் சுமார் 12.5 கிலோ பாஸ்கல். பாதரசக் கணக்குல 93 மில்லிமீட்டர். நடக்கும்போது கெண்டைக்கால் தசை சிரையைப் பிழிஞ்சு ரத்தத்தை மேல தள்ளும், அழுத்தம் பாதிக்கும் கீழ இறங்கிடும். தள்ளின ரத்தம் திரும்பக் கீழ விழாம இருக்க சிரைக்குள்ள வழி நெடுக சின்னச் சின்ன வால்வுகள் இருக்கு.

நம்ம ஊர் கிணத்து மோட்டார்ல ஃபுட் வால்வு இருக்கும்ல? அது லீக் ஆனா என்ன ஆகும்னு தோட்டம் வச்சிருக்கிற எல்லாருக்கும் தெரியும். பைப்புல ஏறின தண்ணி திரும்பக் கிணத்துக்கே போயிடும், ஒவ்வொரு தடவையும் தண்ணி ஊத்தி மோட்டாரை எழுப்பணும். காலிலும் அதே கதைதான். ஆனா இங்க பைப் இரும்பு இல்ல, சதை. மேல ஒரு வால்வு மூடாமப் போனா அதுக்குக் கீழ இருக்கிற வால்வு கூடுதல் பாரம் தாங்கணும். சிரை விரிஞ்சு அதுவும் மூடாமப் போகும். அப்புறம் அதுக்கும் கீழ. விரிஞ்ச சிரை நீளமும் ஆகும், இடம் பத்தாம நெளியும். நாம வெளியில பார்க்கிற சுருள் அதுதான். கோளாறு ஆரம்பிச்ச இடம் பல பேருக்கு தொடையோட மேல்முனையில இருக்கும்.

இதை அவர் நிரூபிச்ச விதம் ரொம்ப எளிமை. நோயாளியைப் படுக்க வச்சு காலை மேல தூக்குவார். சுருள் காலியாகி அமுங்கிடும். தொடை மேல்பகுதியில சிரையை விரலால அழுத்திப் பிடிச்சுக்கிட்டு எழுந்து நிக்கச் சொல்வார். சுருள் உடனே நிரம்பாது. விரலை எடுத்ததும் மேலிருந்து கீழ ரத்தம் சட்டுனு இறங்கி சுருள் புடைச்சுக்கும். லீக் மேலதான்னு உறுதி. ஸ்கேன் இல்ல, எக்ஸ்ரே கூட இன்னும் கண்டுபிடிக்கல. ஒரு விரலும் ஈர்ப்பு விசையும்தான் கருவி. இதே மாதிரி ஒரு சோதனையை இங்கிலாந்தில் பிராடி என்ற சர்ஜன் 1846லேயே எழுதியிருந்தார். ஆனா அதுல இருந்து ஒரு தெளிவான வைத்தியத்துக்குப் போனது டிரெண்டலென்பர்க். 1890-91ல் வெளியான கட்டுரையில் அவர் சொன்னது இதுதான்: சுருளை நோண்ட வேண்டாம், மேல போய் பெரிய சிரையைக் கட்டி நடுவுல வெட்டிடலாம். ரத்தம் திரும்ப வேற நல்ல சிரைகள் ஆழத்துல இருக்கு. அவரோட மாணவர் பெர்த்தஸ் ஆபரேஷன் பண்ணின நோயாளிகளைத் தேடிப் பார்த்து 1895ல் முடிவுகளை வெளியிட்டார். பல வருஷமா ஆறாத கணுக்கால் புண்கள் ஆறியிருந்துச்சு. ஆழத்துச் சிரை நல்லா இருக்கான்னு முதல்ல பார்க்கிறதுக்கு ஒரு டெஸ்ட்டும் பெர்த்தஸ் பேர்ல இருக்கு.

ஆனா சிலருக்குச் சுருள் திரும்பவும் வந்துச்சு. அவர் கட்டினது தொடையோட நடுப்பகுதியில. அதுக்கு மேல வந்து சேர்ற கிளைச் சிரைகள் வழியா ரத்தம் சுத்தி வந்துடுச்சு. பைபாஸ் லைனை மூடாம மெயின் வால்வை மட்டும் மூடின மாதிரி. பின்னாடி வந்தவங்க இடுப்பு மடிப்பு வரைக்கும் மேல போய்க் கட்டினாங்க, அமெரிக்காவில் சிரையையே உருவி எடுத்தாங்க. இப்போ டாப்ளர் ஸ்கேன்ல லீக்கைப் பார்த்து, மெல்லிசான கம்பியை உள்ள விட்டு லேசர் அல்லது ரேடியோ அலைச் சூட்டால சிரையை உள்ளிருந்தே மூடிடறாங்க. அன்னைக்கே நடந்து வீட்டுக்குப் போகலாம். கருவி மாறிடுச்சு, அடைக்கிற லாஜிக் அவரோடதுதான்.

எங்க சித்தி ஜவுளிக்கடையில பதினாலு வருஷம் நின்னாங்க. கால்ல சுருள் வந்ததும் நரம்புக் கோளாறுன்னு மெடிக்கல் ஷாப்ல சத்து மாத்திரை வாங்கிச் சாப்பிட்டாங்க, அதுவும் ரெண்டு வருஷம். நம்ம பேச்சுத் தமிழ்ல நர்வும் நரம்பு, வெயினும் நரம்பு. அந்த ஒரு சொல்லாலயே எத்தனை பேர் தப்பான இடத்துக்குப் போறாங்கன்னு தோணும். பார்க்க வேண்டியது பொது சர்ஜனை, இல்லன்னா ரத்தக்குழாய் சர்ஜனை. சாயங்காலம் கால் கனக்குது, கணுக்கால் வீங்குது, தோல் கருக்குது, உள்பக்கக் கணுக்கால்ல புண் ஆற மாட்டேங்குதுன்னா அம்மாவையோ அப்பாவையோ கூட்டிட்டுப் போங்க. சுகர் புண்ணுன்னு நீங்களா முடிவு பண்ணிடாதீங்க. ஒரு கால் மட்டும் திடீர்னு வீங்கி வலிச்சா அன்னைக்கே ஆஸ்பத்திரி. இன்னொண்ணும் ஞாபகம் வச்சுக்கோங்க: சுருள் உடைஞ்சு ரத்தம் பீய்ச்சினா ஆளை நாற்காலியில உக்கார வைக்காதீங்க. தரையில படுக்க வச்சு, காலை நல்லா மேல தூக்கி, சுத்தமான துணியால அந்த இடத்தை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு 108க்குக் கூப்பிடுங்க. காலைத் தூக்கினா அந்த 93 மில்லிமீட்டர் போயிடும். டிரெண்டலென்பர்க் டெஸ்ட்டோட முதல் ஸ்டெப்தான் இது, உயிரைக் காப்பாத்தும்.

சும்மா நிக்கிறது மட்டுமே காரணம் இல்ல. குடும்பவாகு, பிரசவம், உடல் எடை எல்லாம் சேரும். ஆனா நிக்கிறது அதை மோசமாக்கும். கேரளாவில் கோழிக்கோடு ஜவுளிக்கடைப் பெண்கள் உக்கார உரிமை கேட்டுப் போராடி, 2018ல் அங்கே சட்டம் மாறிச்சு. 2021 செப்டம்பரில் நம்ம சட்டப்பேரவையும் 1947ஆம் வருஷத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி, எல்லா ஊழியருக்கும் இருக்கை கட்டாயம்னு சேர்த்துச்சு. அடுத்த தடவை துணி எடுக்கப் போறப்போ கவுன்டருக்குப் பின்னாடி ஸ்டூல் இருக்கான்னு எட்டிப் பாருங்க. இருந்தா, அதுல யாராவது உக்காந்திருக்காங்களான்னும் பாருங்க.

1895ல் அவர் லைப்சிக் போனார். இடுப்பு மூட்டுக் கோளாறால ஒரு பக்கமா சாய்ஞ்சு நடக்கிற நடையை விளக்கினது அதே வருஷம். 1911 வரைக்கும் அங்கேதான் வேலை. மகன்கள்ல வில்ஹெல்ம் உடலியங்கியல் பேராசிரியராகவும், பால் மருந்தியல் பேராசிரியராகவும் ஆனாங்க.

லைப்சிக்ல அவர் பிடிச்ச பிரச்சினையும் காலில் இருந்து கிளம்பினதுதான். ஆழத்துச் சிரையில உறைஞ்ச ரத்தம் பிச்சுக்கிட்டு மேல போய் நுரையீரல் தமனியை அடைச்சா, சில நிமிஷத்துல ஆள் போயிடும். வேற ஏதோ ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சு, நாளைக்கு வீட்டுக்குப் போக வேண்டியவங்க கூட இப்படிச் செத்தாங்க. மார்பைத் திறந்து அந்தக் கட்டியை எடுத்துட்டா என்னன்னு கேட்டார். ஹார்ட் லங் மெஷின் இல்லாத காலம். கன்னுக்குட்டிகள்ல பழகிப் பார்த்தார், 1908ல் முறையை வெளியிட்டார், நோயாளிகளுக்கும் செஞ்சார். ஒருத்தர் கூட வீடு திரும்பல. வயசு அறுபத்து நாலு. அதுக்கு மேல அவர் கையால அது நடக்கவே இல்ல.

1924 மார்ச்ல கோனிக்ஸ்பெர்க் நகரத்தில் மார்ட்டின் கிர்ஷ்னர் என்ற சர்ஜன், எலும்பு முறிவுக்கு வைக்கிற கே-வயருக்குப் பேர் கொடுத்த அதே கிர்ஷ்னர், டிரெண்டலென்பர்க் எழுதி வச்ச முறைப்படி ஒரு பெண்ணோட நுரையீரல் தமனியில இருந்து கட்டியை எடுத்தார். அவங்க பிழைச்சாங்க. முறை வெளியாகி பதினாறு வருஷம் ஆகியிருந்துச்சு. அப்போ டிரெண்டலென்பர்க்குக்கு வயசு எண்பதை நெருங்கிக்கிட்டு இருந்தது. அதே வருஷம் டிசம்பர் 15ஆம் தேதி, தாடைப் புற்றுநோயால பெர்லினில் காலமானார்.